எல்லைப்புறப் பள்ளிக்கு ஓர் இணைப்புப் பெட்டி

கோவையிலிருந்து மேற்கு நோக்கிப் பாலக்காட்டுக் கணவாயின் வழியே இரயிலில் சென்ற அன்பர்கள், வாளையாறு கடந்த சிறிது நேரத்தில் கஞ்சிக்கோடு என்னும் நிலையத்தைக் கண்டிருப்பர். ஒருபுறம் மலை, மறுபுறம் தொழிற்சாலைகள். இந்தியத் தொலைபேசித் தொழிலகம் 1976-ஆம் ஆண்டில் தன் கிளையொன்றை இங்கே நிறுவியது. தொலைபேசி இணைப்பகங்களுக்குரிய மின்னணுப் பலகைகளை உருவாக்கும் கலை இவ்வெல்லைப்புறத்தில் அன்றே வேரூன்றியது. 2015-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பாலக்காடு இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் இன்று இப்பகுதியிலேயே இயங்கி வருகிறது. இத்தகைய பலகை ஒன்று எவ்வாறு திட்டமிடப்படுகிறது, அதிலும் குறைந்த செலவில் எவ்வாறு திட்டமிடப்படுகிறது என்பதே நாம் ஈண்டு ஆராய எடுத்துக்கொண்ட பொருளாகும்.

இப்பொருள் நமக்கு ஏன் வேண்டும் என்று சிலர் வினவக்கூடும். சித்தூர், கொழிஞ்சாம்பாறை முதலிய பாலக்காட்டு எல்லைப் பகுதிகளிலும், தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை ஆகிய இடுக்கி வட்டங்களிலும் தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர்; அவர்தம் குழந்தைகளிற் பலர் தமிழ்வழிப் பள்ளிகளில் பயில்கின்றனர். கேரளப் பள்ளிகளில் 2018-ஆம் ஆண்டு முதல் ‘லிட்டில் கைட்ஸ்’ என்னும் மாணவர் கணினி மன்றங்கள் நடைபெறுகின்றன. 2025-ஆம் ஆண்டு முதல் பத்தாம் வகுப்பு மாணவர் அனைவருக்கும் ரோபோட்டுக் கலை பாடமாக்கப்பட்டுள்ளது. பாடம் வந்தது, கருவியும் வந்தது. ஆயினும் ஒரு மடிக்கணினியில் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று யு.எஸ்.பி. போர்ட்டுகளே உள்ளன. மௌஸ் ஒன்றை அடைத்துக்கொள்கிறது. பென் டிரைவ் மற்றொன்றை. காமிராவும் அர்டுயினோ பலகையும் வெளியே காத்து நிற்கின்றன. ஒரு போர்ட்டை நான்காகப் பெருக்கித் தரும் சிறு பெட்டியே ‘ஹப்’ எனப்படும் இணைப்புப் பெட்டி.

கடையில் மலிவாகக் கிடைக்கும் இதனை நாமே செய்வானேன்? நாமும் அவ்வாறு எண்ணியே முன்பொரு முறை மிக மலிவான பெட்டி ஒன்றை வாங்கினோம். மௌஸ் வேலை செய்தது. காமிராவைச் செருகியதும் பென் டிரைவ் மறைந்தது. அதில் எழுதிக்கொண்டிருந்த கோப்பும் பாழாயிற்று. பெட்டியைத் திறந்து பார்த்தோம். நடுவில் ஒரு சில்லும் சுற்றிலும் வெற்றிடங்களும் காணப்பட்டன. இன்ன உறுப்பு இங்கே வரவேண்டும் என்று பலகையிலேயே எழுத்து அச்சிடப்பட்டிருந்தது, உறுப்புத்தான் இல்லை. திட்டமிட்டவன் அறிந்தே இட்ட இடத்தை, விற்றவன் சிக்கனம் என்று கருதி வெறுமையாக விட்டிருந்தான். நகரத்தில் வாழ்வோர்க்கு இது சிறு தொல்லை. மறையூரிலோ வண்டிப்பெரியாற்றிலோ உள்ள ஒரு பள்ளியில் கணினியின் போர்ட் கருகிப்போனால், அதைப் பழுதுபார்க்க ஒருவர் ஒரு நாள் முழுதும் பேருந்தில் அலையவேண்டும். அந்நாளில் ஒரு வகுப்பின் பாடமும் நின்றுபோகும். ஆகவே எங்கே சிக்கனம் தகும், எங்கே தகாது என்று பகுத்தறிவதே இக்கலையின் உயிர்நாடி.

முதற்கண் இவ்விணைப்பு முறையின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். 1990-களின் முற்பகுதி வரையில் விசைப்பலகைக்கு ஒரு வகைச் செருகி, அச்சுப்பொறிக்கு வேறொரு வகை, மோடத்துக்கு மற்றொரு வகை என்றிருந்தது. இவை அனைத்துக்கும் பொதுவானதொரு முறையை வகுக்க இன்டெல் நிறுவனத்தில் முயன்ற குழுவுக்குத் தலைமை தாங்கியவர், பரோடாப் பல்கலைக்கழகத்தில் பயின்ற அஜய் பட் என்னும் இந்தியர். 1996-இல் முதல் விதித்தொகுப்பு வெளிவந்தது. 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டாம் தொகுப்பு, நொடிக்கு 48 கோடி துணுக்குகள் என்னும் வேகத்தை அளித்தது. இன்று இதனினும் விரைந்த முறைகள் உள்ளன. எனினும் பள்ளித் தேவைக்கும் எளிய பலகைக்கும் இவ்விரண்டாம் தொகுப்பே போதுமானது. நாம் பேசுவதும் அதனைப் பற்றியே.

இணைப்புப் பெட்டியின் வேலை இரண்டு. ஒன்று, மின்சாரத்தைப் பங்கிடுதல்; மற்றொன்று, செய்தியைப் பங்கிடுதல். மின்சாரப் பங்கீட்டைச் சித்தூர் உழவருக்கு விளக்குவது எளிது. பரம்பிக்குளம் – ஆழியாறு ஒப்பந்தத்தின்படி சித்தூர்ப் பள்ளத்தாக்குக்கு ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவு அணையில் அளந்து விடப்படுகிறது. அது மூலத்தறையில் பிரிந்து வாய்க்கால்களில் ஓடுகிறது. மடைகளைப் பெருக்குவதால் தண்ணீர் பெருகுவதில்லை. வந்த அளவையே பகிர்ந்துகொள்ள வேண்டும். கணினியின் போர்ட்டும் அவ்வாறே. அது 5 வோல்ட் அழுத்தத்தில் 500 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை அளிக்கும் கடப்பாடு உடையது. இணைப்புப் பெட்டி தன் செலவுக்கென 100 மில்லி ஆம்பியரை ஒதுக்கிக்கொண்டு, எஞ்சிய 400-ஐ நான்கு போர்ட்டுகளுக்கும் தலைக்கு 100 வீதம் அளிக்கலாம் என்பது விதி. கணினியின் மின்சாரத்தை மட்டும் நம்பிய பெட்டிகளில் நான்கு போர்ட்டுகளுக்கு மேல் விதி இடந்தராததன் காரணம் இதுவே. மௌஸுக்கும் விசைப்பலகைக்கும் 100 போதும். ஓடும் மோட்டார் பூட்டிய அர்டுயினோவுக்கு அது யானைப்பசிக்குச் சோளப்பொரி. அதற்குத் தனி அடாப்டர் வேண்டும்.

செய்திப் பங்கீடு வேறு வகையானது. இங்கே தண்ணீர் உவமை பயன்படாது. வகுப்பறை உவமையே பொருந்தும். ஆசிரியர் பெயரை அழைத்தாலன்றி எந்த மாணவனும் வாய் திறப்பதில்லை. கணினியே ஆசிரியர், கருவிகள் மாணவர், இணைப்புப் பெட்டி வகுப்புத் தலைவன். ஆசிரியரின் குரலை நான்கு திசைக்கும் கொண்டுசென்று, விடையை மீட்டுக் கொணர்கிறது. மௌஸ் நொடிக்கு 15 இலட்சம் துணுக்குகளே பேசவல்லது. கணினியோ 48 கோடி வேகத்தில் பேசுகிறது. ஆதலால் இப்பெட்டி, எல்லைப்புறத்தார் தமிழுக்கும் மலையாளத்துக்கும் இடையே நின்று மொழிபெயர்ப்பது போல, விரைந்த பேச்சுக்கும் மெல்லிய பேச்சுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளனாகவும் நிற்கிறது. இவ்வேலைகள் அனைத்தையும் இன்று ஒரே சில்லு செய்துவிடுகிறது. எஃப்.இ.1.1எஸ், ஜி.எல்.850ஜி போன்ற தைவான் நாட்டுச் சில்லுகள் இவ்வகையில் மலிவும் புழக்கமும் மிக்கவை.

இனிப் பலகைக்கு வருவோம். பழைய வானொலிப் பெட்டிகளைத் திறந்து பார்த்தவர்கள், வால்வுகளுக்கு அடியில் சிலந்திவலை போலக் கம்பிகள் பின்னிக் கிடந்ததை அறிவர். ஆஸ்திரியாவிற் பிறந்து இலண்டனிற் குடியேறிய பால் ஐஸ்லர் என்னும் பொறியாளர், 1936-ஆம் ஆண்டில் கம்பிகளுக்குப் பதிலாகத் தாமிரத் தகட்டுக் கோடுகளைப் பலகையில் பதித்து வானொலிப் பெட்டி ஒன்றை இயக்கிக் காட்டினார். இன்றைய மின்சுற்றுப் பலகைகளுக்கெல்லாம் அது ஒரு முன்னோடி. கண்ணாடி நாரும் பிசினும் சேர்ந்த 1.6 மில்லிமீட்டர் தகடும், அதன்மேல் 35 மைக்ரான் தடிப்பில் தாமிரமும் கொண்டதே இன்று எங்கும் வழங்கும் பலகை.

இதனை வரைவதற்குப் பொருட்செலவு வேண்டியதில்லை. பிரான்சில் ஜான் பியேர் ஷரா என்பவர் 1992-இல் தொடங்கிய ‘கீகாட்’ என்னும் கட்டற்ற மென்பொருள் பள்ளிக் கணினியிலேயே இயங்கும். முதலில் சுற்றின் படத்தை வரைதல், அடுத்து உறுப்புகளைப் பலகையில் அடுக்குதல், பின்னர்த் தடங்களை இழுத்தல் என்பது முறை. அச்சகத்துக்கு அச்சுப்படி அனுப்புவது போல, இறுதிக் கோப்பைப் பலகை செய்யும் ஆலைக்கு அனுப்பினால், பலகை தபாலில் வந்து சேரும்.

சிக்கனம் செய்யத் தக்க இடங்கள் எவை? முதலாவது, அடுக்கு. தாமிரம் நான்கு அடுக்கில் இருந்தால் வேலை எளிது, விலை அதிகம்; இரண்டு அடுக்கே போதும் என்பதைப் பின்னர்க் காண்போம். இரண்டாவது, பரப்பு. பல ஆலைகள் பக்கத்துக்குப் பத்துச் சென்டிமீட்டருக்குள் அடங்கும் பலகைகளைச் சலுகை விலையில் செய்து தருகின்றன. அதற்குள் நான்கு சிறு பலகைகளை அடுக்கி வெட்டிக்கொள்ளலாம். மூன்றாவது, உறுப்புகளையெல்லாம் ஒரே பக்கத்தில் அமைத்தல். பற்றவைக்கும் வேலை பாதியாகும். நான்காவது, 5 வோல்ட்டை 3.3 வோல்ட்டாகக் குறைக்கும் பகுதியைத் தன்னகத்தே கொண்ட சில்லைத் தேர்தல். தனியுறுப்பு ஒன்று மிச்சமாகும். ஐந்தாவது, பவர் ஸ்விட்ச். நான்கு போர்ட்டுகளுக்கும் நான்கு ஸ்விட்ச் சில்லுகள் வேண்டுமென்பதில்லை. நான்குக்கும் சேர்த்து ஒன்றை வைக்க விதியே இடந்தருகிறது. இவை ஐந்தும் நேர்மையான சிக்கனங்கள். பயன்படுத்துவோர்க்கு இவற்றால் தீங்கொன்றும் இல்லை.

சிக்கனம் தகாத இடங்களும் ஐந்து உண்டு. முதலாவது கிரவுண்ட். சென்ற மின்சாரமெல்லாம் திரும்பி வரவேண்டிய பாதை அது. பலகையின் அடிப்பக்கம் முழுவதையும் அதற்கே விட்டுவிட வேண்டும். அதன் குறுக்கே ஒரு தடத்தை இழுத்தால், ஊர்ப் பொதுவழியின் நடுவே வேலி போட்டது போலாகும். தாமிரத்தை அரித்து நீக்காமல் விடுவதற்குத் தனிச் செலவில்லை. ஆதலால் இங்கே கவனமின்மையே குற்றம்.

இரண்டாவது, செய்தி செல்லும் இரட்டைத் தடம். ஒன்றில் மின்னழுத்தம் ஏறும்போது மற்றதில் இறங்கும். இரண்டையும் ஒப்பிட்டே செய்தி அறியப்படுகிறது. ஆகவே அவை இணைபிரியாமல், சம நீளமுடன், வளைவுகளில் ஒன்றாகவே திரும்பிச் செல்லவேண்டும். இவ்விரட்டைக்கு 90 ஓம் மறிப்பு இருக்கவேண்டும் என்பது விதி. தடத்தின் அகலமும் இடைவெளியும், கிரவுண்ட் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதும் அதனை நிர்ணயிக்கின்றன. நான்கடுக்குப் பலகையில் கிரவுண்ட் மிக அருகே இருப்பதால் மெல்லிய தடம் போதும். இரண்டடுக்கில் அது 1.6 மில்லிமீட்டர் தள்ளிப் போவதால், தடத்தை அகலமாக்கி, இரண்டையும் நெருக்கி, மேற்பக்கத்திலும் கிரவுண்டை அருகே கொணரவேண்டும். இவ்வாறு செய்தும் சிறிது பிழை எஞ்சும். அதனைப் பொறுத்துக்கொள்ள இயலுமா? இயலும். மின்குறி இப்பலகையில் ஒரு நானோ நொடியில் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் செல்லும். 48 கோடி வேகத்தில் ஒரு துணுக்கின் காலம் இரண்டு நானோ நொடிக்குச் சற்று மேல்; ஆகவே அதன் நீளம் 30 சென்டிமீட்டர். அதற்கு முன் இரண்டு சென்டிமீட்டர்த் தடத்தின் குறை பெரிதாகத் தோன்றுவதில்லை. ஆகவே செய்தித் தடம் குட்டையாக இருக்கும்படி சில்லை நடுவில் வைத்தல் வேண்டும். நான்கடுக்கின் விலையை இவ்வாறு சில்லின் இடத்தைக் கொண்டே மிச்சப்படுத்துகிறோம்.

மூன்றாவது, தேக்கம். ஒரு கருவியைச் செருகிய கணத்தில் அது மின்சாரத்தை ஒரே மிடறாக இழுக்கும். அண்டையிலுள்ள கருவி அப்போது மயங்கி விழும். நம் பென் டிரைவ் மறைந்ததும் இவ்வாறே. இதனைத் தடுக்கக் குறைந்தது 120 மைக்ரோ பாரட் அளவுள்ள கண்டென்சர் போர்ட்டுகளின் பக்கம் இருக்கவேண்டும் என்கிறது விதி. கணினியின் பக்கமோ 10-க்கு மேல் கூடாது. கூடினால் பெட்டியைச் செருகும்போது கணினியே அதிரும். ஆகவே ஏரி மதகுக்கு அப்பால் இருக்கவேண்டும். அஃதாவது, பெரிய கண்டென்சர் ஸ்விட்ச்சுக்கு மறுபுறம் அமையவேண்டும்.

நான்காவது, காவல். மாணவன் தவறுதலாக இரு கம்பிகளை ஒட்டிவிட்டால் மின்னோட்டத்தை உடனே துண்டிக்க வேண்டியது முன்சொன்ன பவர் ஸ்விட்ச். அதனை ஒன்றாக்கலாம், இல்லாமற் செய்தல் ஆகாது. ஐந்தாவது, எதிரோட்டம். சில மலிவுப் பெட்டிகளில் அடாப்டரின் மின்சாரமும் கணினியின் மின்சாரமும் நேரே ஒரே கம்பியில் இணைக்கப்பட்டுள்ளன. அப்போது அடாப்டரின் மின்சாரம் எதிர்த்திசையிற் பாய்ந்து கணினிக்குள் புகும். இரண்டையும் பிரித்துவைத்தல் கணினிக்குச் செய்யும் காப்பீடாகும்.

கணக்கு ஒன்றும் காண்போம். ஒரு மில்லிமீட்டர் அகலமும் ஐந்து சென்டிமீட்டர் நீளமும் உள்ள பலகைத் தடத்தின் தடை ஏறத்தாழ 0.025 ஓம். அதில் 500 மில்லி ஆம்பியர் ஓடினால் நூற்றில் ஒரு பங்கு வோல்ட்டே குறையும். ஆனால் 28 கேஜ் மெல்லிய கம்பியாலான ஒரு மீட்டர்க் கேபிளில், போக வர இரு வழியும் சேர்ந்து தடை 0.4 ஓமுக்கு மேல். குறைவது ஐந்தில் ஒரு பங்கு வோல்ட். ஆகவே பலகையில் தடித்த தாமிரம் கேட்டுப் பணம் இறைப்பதைவிட, குட்டையான, தடித்த கேபிளை வாங்குவதே அறிவுடைமை. கணக்கிடாதவனின் சிக்கனம் பெரும்பாலும் தவறான இடத்திலேயே விழுகிறது.

பெட்டி எங்கே வாழப்போகிறது என்பதையும் கருதவேண்டும். பாலக்காட்டில் கோடையின் வெப்பம் 40 பாகை செல்சியஸைக் கடந்த ஆண்டுகள் பல. திரவம் அடங்கிய கண்டென்சர்கள் வெப்பம் பத்துப் பாகை ஏறுந்தோறும் ஏறத்தாழப் பாதி ஆயுளை இழப்பவை. எனவே கொழிஞ்சாம்பாறைக்குச் செய்யும் பெட்டியில் அதிக வெப்பம் தாங்கும் வகையை இடவேண்டும். மூடியில் காற்றுத் துளையும் விடவேண்டும். இடுக்கி மலைப்பகுதியின் பகை வேறு. அங்கே பருவமழைக் காலத்தில் ஈரம் எல்லாவற்றிலும் படியும். பற்றவைக்கும்போது ஒட்டிய பசையைத் துடைக்காவிட்டால், அது ஈரத்தை ஈர்த்துத் தாமிரத்தை அரிக்கும். ஸ்பிரிட்டினால் கழுவி, உலர்த்தி, மேலே மெல்லிய வார்னிஷ் பூசுதல் நன்று. செருகிகளின் வாயில் மட்டும் படாமல் காக்கவேண்டும்.

இடி மின்னலைப் பற்றியும் ஒரு சொல். 1940-ஆம் ஆண்டில் பள்ளிவாசலில் நீர்மின்சாரம் பிறந்தது முதல், நாட்டுக்கு ஒளி தந்துவருவது இம்மலைநாடு. ஐப்பசி மாத மாலைகளில் இடி மின்னல் முழங்குவதும் இம்மலைநாட்டிலேயே. கைப்பட்டு எழும் மின்பொறியிலிருந்து சில்லைக் காக்கச் சிறு டையோடுகள் உள, இடலாம். ஆனால் வானத்து மின்னலைத் தடுக்கும் உறுப்பு எதுவும் இச்சிறு பலகையில் இல்லை. மேகம் கறுத்ததும் அடாப்டரைச் சுவரிலிருந்து பிடுங்கி வைப்பதே காப்பு. அதற்குச் செலவும் இல்லை.

ஆலைக்கு அனுப்பாமல் பள்ளியிலேயே பலகையை அரித்துச் செய்வோரும் உளர். பயிற்சிக்கு அது நல்லதே. ஆனால் பெர்ரிக் குளோரைடு கரைசலில் கரைந்த தாமிரம் மீன்களுக்கு நஞ்சு. அதனைச் சித்தூர்ப் புழையிலோ பெரியாற்றுக்குச் செல்லும் ஓடையிலோ கொட்டுவது பெரும் பிழை. பெரியவர் ஒருவர் உடனிருந்து, கையுறையும் கண்ணாடியும் அணிந்து செய்து, கழிவை மூடிய ஞெகிழிக் கலத்தில் சேர்த்து, முறையாக அகற்றுவோரிடம் ஒப்படைக்கவேண்டும்.

செய்து முடித்த பெட்டியை உடனே கணினியிற் செருகுதல் கூடாது. முதலில் மல்டிமீட்டர் கொண்டு 5 வோல்ட் தடத்துக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஒட்டுதல் உண்டா என்று பார்க்கவேண்டும். அடுத்து, பழைய செல்போன் சார்ஜரில் இணைத்து, சில்லின் 3.3 வோல்ட் சரியாக உள்ளதா என்று அளக்கவேண்டும். மூன்றாவதாகவே கணினி, அதிலும் முதலில் மௌஸ் மட்டும். அது நன்கு இயங்கிய பின் பென் டிரைவ். நான்கு போர்ட்டுகளும் நிறைந்த நிலையில் பெரிய கோப்பு ஒன்றைப் படியெடுத்து, மூலமும் படியும் ஒத்துள்ளனவா எனச் சரிபார்த்தால், பெட்டி தேர்வில் வென்றதாகக் கொள்ளலாம்.

கோவை ஜி.டி. நாயுடு அவர்கள், ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்கு இந்தியாவிலேயே செய்ய இயலும் என்று 1941-ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். வானொலி செல்வர் வீட்டுப் பொருளாக இருந்த காலம் அது. ஏழையின் கைக்கும் எட்டும்படி செய்வதே பொறியியலின் பெருமை என்னும் எண்ணம் கணவாயின் கிழக்குப் புறத்தில் அன்றே முளைத்துவிட்டது. மேற்குப் புறத்துப் பிள்ளைகள் அதனைத் தொடர்வதற்குத் தடை யாதுளது?

பெங்களூரின் எஸ்.பி. ரோட்டிலும், மும்பையின் லாமிங்டன் ரோட்டிலும், தில்லியின் லாஜ்பத் ராய் மார்க்கெட்டிலும் இவ்வுறுப்புகள் கடைதோறும் கிடைக்கின்றன. அவ்வூர்களில் வாழும் நம்மவர் விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது குழந்தைகளுக்கு இனிப்பு வாங்கிச் செல்வது வழக்கம். அத்துடன் ஒரு மல்டிமீட்டரும், பற்றவைக்கும் கோலும், இரண்டு மூன்று சில்லுகளும் வாங்கிச் சென்றால் இனிப்பினும் நெடுநாள் நிலைக்கும். ஆனால் அவற்றுடன் ஒரு சொல்லையும் கொண்டுசெல்லவேண்டும். வேண்டாததை விடுவது சிக்கனம். வேண்டியதை விடுவது வஞ்சனை. பலகையில் வெறுமையாக விடப்பட்ட ஒவ்வோர் இடத்தின் விலையையும், பெட்டியை விற்றவனல்லன், அதை நம்பிச் செருகிய பிள்ளையே செலுத்துகிறான்.